காணியை ஈடு வைத்து அமெரிக்கப் புலமைப்பரிசிலுக்குப் போகலாமா? ஓட்ட வீராங்கனை ஒருவரின் கடிதத்துக்கு ஆலோசகரின் பதில்

கடிதத்தின் சுருக்கம்

வடமராட்சியைச் சேர்ந்த 17 வயது மாணவி ஒருவர் எழுதியிருக்கிறார். சாதாரண தரத்தில் ஏழு பாடங்களில் ஏ, இரண்டில் பி பெற்று, இப்போது உயிரியல் பிரிவில் உயர்தரம் முதலாம் ஆண்டு படிக்கிறார். 400 மீற்றர் ஓட்டத்தில் சென்ற வருடம் மாகாணமட்டத்தில் இரண்டாமிடம் பெற்றுத் தேசியமட்டப் போட்டிக்குச் சென்றவர். அங்கே முதற்சுற்றோடு திரும்பினார். பாடசாலை மைதானத்தில் விளையாட்டு ஆசிரியர் கைக்கடிகாரத்தில் எடுத்த அவருடைய மிகச் சிறந்த நேரம் 57.8 செக்கன். தந்தை கடற்றொழில் செய்கிறார், தாய் வீட்டிலிருந்து தையல் வேலை செய்கிறார், தங்கை ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறார். ரொறன்ரோவிலுள்ள மாமா மூலம் அறிமுகமான முகவர் ஒருவர், அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் நான்கு வருட முழுப் புலமைப்பரிசில் நிச்சயம் என்று சொல்லி, முன்பணமாக 12 இலட்சம் ரூபாயும், கிடைக்கும் புலமைப்பரிசில் தொகையில் பத்து வீதமும் கேட்கிறார். அதற்காக அம்மாவின் சீதனக் காணியை ஈடு வைக்க வீட்டில் பேச்சு நடக்கிறது. உயர்தரப் பரீட்சை தேவையில்லை, முழுநேரமும் பயிற்சி எடுங்கள் என்று முகவர் சொன்னதைக் கேட்டு மாணவி ரியூசனுக்குப் போவதை நிறுத்திவிட்டார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டு மூன்று வருடம் படித்துவிட்டுப் பிறகு போகலாமா என்றும், “எங்கட ஆக்கள் ஒருத்தரும் ஓடிப் பாய்ந்து அமெரிக்கா போனதில்லை” என்று அப்பா சொல்வது உண்மையா என்றும் கேட்கிறார்.

பதில்

அன்புள்ள மகளுக்கு,

உங்கள் கடிதம் எட்டுப் பக்கம். பணம், முகவர், பரீட்சை, அமெரிக்கா என்று அது நீண்டு போகிறது. ஏழாம் பக்கத்தின் அடியில், வேறு நிற மையினால், பிறகு நினைத்துச் சேர்த்ததுபோல நெருக்கி எழுதிய மூன்று வரிகளில்தான், இடது முழங்காலுக்குக் கீழே எலும்பில் இரண்டு மாதமாக நோகிறது என்றும், ஐந்து மாதமாக மாதவிடாய் வரவில்லை என்றும், இதை அம்மாவுக்கோ விளையாட்டு ஆசிரியருக்கோ சொல்லவில்லை என்றும் இருக்கிறது. நான் அந்த மூன்று வரிகளிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் கேட்ட மற்றக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் அவகாசம் இருக்கிறது, இதற்கு இல்லை.

நான் வைத்தியர் அல்லேன், கல்வி, தொழில் வழிகாட்டல் ஆலோசகர். ஆயினும் ஓடும் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்பவர் எவரும் இதை அறிந்திருக்க வேண்டும். ஒழுங்காக வந்துகொண்டிருந்த மாதவிடாய் மூன்று மாதம் வராவிட்டாலே வைத்தியரைக் காண வேண்டும். கடும் பயிற்சி எடுப்பவர்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்று தோழி சொன்னதை நம்பியிருக்கிறீர்கள். அது பலரும் சொல்வதுதான், ஆனால் பிழையானது. பயிற்சியில் செலவாகும் சக்திக்கு ஈடான உணவு கிடைக்காதபோது உடம்பு மாதவிடாயை நிறுத்திச் சக்தியை மிச்சம் பிடிக்கப் பார்க்கிறது. அதோடு எலும்பைக் காக்கும் ஈஸ்ட்ரோஜன் சுரப்பும் குறைந்து, ஒவ்வோர் அடியிலும் நிலத்திலிருந்து வரும் அதிர்வைத் தாங்க முடியாமல் எலும்பில் மயிரிழை போன்ற வெடிப்பு விழக்கூடும். விளையாட்டு வீரர்களிடம் காணப்படும் இந்தச் சக்திக் குறைபாட்டுக்குச் சர்வதேச ஒலிம்பிக் குழு 2014 ஆம் ஆண்டில் தனிப்பெயரே இட்டு, பயிற்றுநர்களையும் வைத்தியர்களையும் எச்சரித்திருக்கிறது. உங்களுக்கு இருப்பது இதுதான் என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் வைத்தியர் என்பதைத்தான் சொல்கிறேன்.

காலை நாலரைக்கு எழும்பி வெறும் தேநீரோடு மைதானத்துக்குப் போய், பாடசாலை இடைவேளை வரை ஒன்றும் சாப்பிடாமல் இருக்கிறீர்கள் என்றும், உடம்பு மெலிந்தால் ஓட்டம் கூடும் என்று இரவில் சோற்றைக் குறைத்துவிட்டீர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்பா கரைக்குக் கொண்டுவரும் மீனை வீட்டில் எல்லோரும் சாப்பிட, ஓடுகிற பிள்ளை தட்டில் பாதியை ஒதுக்கி வைப்பதை நினைக்க எனக்கு மனம் கேட்கவில்லை. இன்றைக்கே அம்மாவிடம் சொல்லுங்கள். அரச வைத்தியசாலைக்குப் போகும்போது கால் நோவை மட்டும் சொல்லிவிட்டு வராமல், மாதவிடாய் நின்றதையும் உணவைக் குறைத்ததையும் ஒன்றாகச் சொல்லுங்கள். ஒரு விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே இடத்தில் நோகிறதா, ஓட ஓடக் கூடுகிறதா, இரவில் படுத்திருக்கும்போதும் இருக்கிறதா என்று கவனித்து வைத்திருந்தால் அவருக்கு உதவியாக இருக்கும். இவ்வகை வெடிப்பு தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம் என்பதால், படத்தில் ஒன்றுமில்லை என்றவுடன் மறுநாளே ஓடத் தொடங்க வேண்டாம். வைத்தியரைக் காணும் வரை ஓட்டப் பயிற்சியை நிறுத்துங்கள். ஆறு வாரம் ஓய்வெடுத்தால் ஒரு பருவம் போகலாம்; நோவை மறைத்து ஓடினால் போவது அதைவிடப் பெரிது. இன்னொன்று, அமெரிக்கப் பல்கலைக்கழக அணியில் பயிற்சி தொடங்குமுன் மருத்துவப் பரிசோதனை கட்டாயம். இன்று மறைப்பது அங்கே வெளிப்படும்.

அப்பா சொன்னதற்கு அடுத்தபடியாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அது உங்களை உள்ளூர வருத்தியிருக்கிறது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படித்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952 இல் ஹெல்சிங்கியிலும் 1956 இல் மெல்பேர்னிலும் ஒலிம்பிக்கில் உயரம் பாய்ந்தவர். 1958 இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் பாய்ந்து, ஆசிய விளையாட்டில் இலங்கைக்கு முதலாவது தங்கப் பதக்கத்தைக் கொண்டுவந்தவர். அவர் லொஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் படித்து அதன் அணிக்காகப் பாய்ந்தார். பின்னர் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டமும் பெற்றார். ஆகவே இந்த மண்ணிலிருந்து ஒருவரும் போனதில்லை என்று அப்பாவிடம் இனி ஒத்துக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் அந்த வரலாற்றில் பாய்ச்சலும் படிப்பும் பிரியாமல் வருவதையும் கவனியுங்கள். உங்கள் முகவர் பிரிக்கப் பார்ப்பது அந்த இரண்டையும்தான்.

“முழுப் புலமைப்பரிசில்” என்றால் என்ன

அமெரிக்காவில் பல்கலைக்கழக விளையாட்டைப் பல அமைப்புகள் நடத்துகின்றன. பெரியது என்.சி.ஏ.ஏ. அதற்குள் மூன்று பிரிவுகள் உள்ளன. மூன்றாம் பிரிவிலுள்ள கல்லூரிகள் விளையாட்டுக்கென்று புலமைப்பரிசில் கொடுப்பதே இல்லை. இதைத் தவிர என்.ஏ.ஐ.ஏ. என்ற அமைப்பில் சிறிய பல்கலைக்கழகங்களும், என்.ஜே.சி.ஏ.ஏ. என்ற அமைப்பில் இரண்டு வருடக் கல்லூரிகளும் இருக்கின்றன.

மெய்வல்லுநர் விளையாட்டில் புலமைப்பரிசில் தொகையைப் பயிற்றுநர் பலருக்கும் பங்கிட்டுக் கொடுப்பதே நெடுங்கால வழக்கம். 2025 வரை முதலாம் பிரிவுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெண்கள் அணிக்கு 18 முழுப் புலமைப்பரிசில்களுக்குச் சமமான தொகையே உச்சமாக இருந்தது. இரண்டாம் பிரிவில் அது 12.6. குறுந்தூரம், நெடுந்தூரம், பாய்தல், எறிதல், காட்டோட்டம் எல்லாவற்றுக்கும் அந்தத் தொகையைத்தான் பிரிக்க வேண்டும். வீரர்கள் என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் 2025 யூன் மாதம் நீதிமன்றம் அங்கீகரித்த இணக்கத்தீர்வுக்குப் பிறகு, அதை ஏற்ற பல்கலைக்கழகங்களுக்கு அந்த உச்சவரம்பு நீங்கி, அணியில் 45 பேர்தான் இருக்கலாம் என்ற வரம்பு வந்திருக்கிறது. அதாவது எல்லோருக்கும் முழுத் தொகை கொடுக்க விரும்பினால் கொடுக்கலாம். கொடுத்தேயாக வேண்டும் என்பதில்லை. அதேவேளை அணியின் கடைசி இடங்களுக்குப் போட்டி முன்னையதைவிடக் கடுமையாகிவிட்டது. முகவர் உங்களிடம் முதற்பாதியை மட்டும் சொல்லியிருக்கிறார்.

எனவே உங்களுக்குப் புலமைப்பரிசில் கிடைத்தாலும் அது பகுதித் தொகையாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். அதை ஒரு கணக்காகப் பார்ப்போம். படிப்பு, தங்குமிடம், உணவு, காப்புறுதி எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 40,000 டொலர் ஆகும் ஓரிடத்தில் உங்களுக்கு அறுபது வீதம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 16,000 டொலர். டொலருக்கு 300 ரூபாய் எனக் கொண்டால் 48 இலட்சம். நான்கு வருடத்துக்கு ஒரு கோடியே 92 இலட்சம். விமானச் சீட்டும் விசாச் செலவும் இதற்கு வெளியே. மாணவர் விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவத்தைப் பல்கலைக்கழகம் தருமுன், அந்த மிச்சத் தொகையைக் குடும்பம் கட்டும் என்பதற்கு ஆதாரம் கேட்கும். படிக்கும் காலத்தில் எஃப்-1 எனப்படும் அந்த மாணவர் விசாவில் உள்ளவர் வாரத்துக்கு 20 மணித்தியாலம் வரை, அதுவும் பல்கலைக்கழக வளாகத்துக்குள்தான், வேலை செய்யலாம். போட்டிப் பருவத்தில் அணிப் பயிற்சிக்கே வாரத்துக்கு 20 மணித்தியாலம் அனுமதி உண்டு என்பதையும் சேர்த்துப் பார்த்தால், “வேலை செய்து கட்டலாம்” என்று மாமா சொல்வது எவ்வளவு கடினம் என்பது விளங்கும். புலமைப்பரிசிலில் தங்குமிடத்துக்கும் உணவுக்கும் தரப்படும் பகுதிக்கு அங்கே வருமான வரியும் உண்டு. விளம்பரத்தில் நடித்து உழைக்கும் அமெரிக்க வீராங்கனைகளின் காணொளிகளை மாமா அனுப்புவதாக எழுதியிருக்கிறீர்கள். மாணவர் விசாவில் போகிறவருக்கு அவ்வருமானம் விசா விதிகளை மீறுவதாக ஆகக்கூடும். அதைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.

மாமா கனடாவைப் பற்றியும் சொல்லியிருக்கிறார். அங்கே பல்கலைக்கழகங்கள் விளையாட்டுக்காகத் தரும் உதவி, கல்விக் கட்டணத்தையும் கட்டாயக் கட்டணங்களையும் தாண்ட முடியாது. மாமாவின் வீட்டில் தங்கலாம் என்பது பெரிய ஆறுதல்தான், ஆனால் “முழு” என்ற சொல் அங்கே இன்னும் குறைவாகவே பொருந்தும்.

57.8 எதைச் சொல்கிறது

இதை மனம் நோகாமல் கேட்க வேண்டும். கையால் எடுத்த நேரத்தை வெளிநாட்டுப் பயிற்றுநர்கள் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. வெடிச்சத்தம் கேட்டு, மனிதக் கை அசைந்து பொத்தானை அழுத்துவதற்குள் ஒரு சிறு நேரம் கழிந்துவிடும். அதனால் 400 மீற்றருக்குக் கைநேரத்தோடு 0.14 செக்கன் கூட்டிப் பார்ப்பது வழக்கம். உங்கள் 57.8 அப்போது 57.94 ஆகும். முதலாம் பிரிவின் பெரிய பல்கலைக்கழகங்கள் பணம் கொடுத்து அழைக்கும் நேரம் அது அல்ல. எந்தப் பயிற்றுநரும் இதைப் பார்த்து முழுப் புலமைப்பரிசில் தருவார் என்று சொல்பவர் உங்களுக்கு உண்மை சொல்லவில்லை.

ஆனால் அந்த எண் உங்கள் முழுத் திறமையையும் சொல்லவில்லை. சுண்ணாம்புக் கோடு போட்ட புற்றரையில், முழு 400 மீற்றர் சுற்று அமையாத மைதானத்தில், இறுக்கமான வளைவுகளை நான்கு முறை திரும்பி ஓடி எடுத்த நேரம் அது. செயற்கைத் தளத்தில், இரண்டே வளைவுகளில், முள்ளுச் சப்பாத்தோடு நல்ல போட்டிக்குள் ஓடினால் அது குறையக்கூடும். எவ்வளவு குறையும் என்பதை நானோ முகவரோ ஊகிக்க முடியாது, ஓடித்தான் பார்க்க வேண்டும். கால் குணமான பிறகு உங்கள் முதல் இலக்கு ஒரு பதக்கமாக இருக்கத் தேவையில்லை. மின்னியல் முறையில் எடுக்கப்பட்ட, உத்தியோகபூர்வப் பெறுபேற்றுத் தாளில் உங்கள் பெயரோடு பதிவான ஒரு நேரமாக இருக்கட்டும். சேர் ஜோன் டாபட் பாடசாலை மெய்வல்லுநர் போட்டிகளும் அகில இலங்கைப் பாடசாலை விளையாட்டு விழாவும் அதற்கான இடங்கள். சென்ற வருடம் தேசியமட்ட முதற்சுற்றில் நீங்கள் ஓடிய நேரம் என்ன என்று கடிதத்தில் இல்லை. தோற்றுவிட்டோம் என்ற துக்கத்தில் அதை எடுத்து வைக்காமல் வந்திருந்தால், விளையாட்டு ஆசிரியர் மூலம் பெறுபேற்றுத் தாளைத் தேடிப் பெறுங்கள். இறுதிப் போட்டிக்குப் போகாத ஓட்டமானாலும் அந்த நேரத்துக்குத்தான் வெளியே பெறுமதி.

இங்கே உங்களுக்கே தெரியாத ஒரு பலம் உங்கள் கடிதத்தில் இருக்கிறது. ஏழு ஏ, இரண்டு பி. விளையாட்டுக்குப் பணம் கொடுக்காத மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளிலும், என்.ஏ.ஐ.ஏ. கல்லூரிகளிலும், இரண்டாம் பிரிவிலும், கல்வித் திறமைக்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏற்பத் தரப்படும் உதவி பல வேளைகளில் விளையாட்டுத் தொகையைவிடப் பெரியதாக இருக்கும். நன்றாகப் படிக்கிற, அணிக்கும் பயன்படுகிற மாணவி என்றால் பயிற்றுநர் அனுமதிப் பிரிவில் உங்களுக்காகப் பேசலாம். 58 செக்கன் ஓடும் பிள்ளைகள் பலர் இருக்கலாம். உயிரியல் பிரிவில் நல்ல பெறுபேற்றோடு 58 செக்கன் ஓடும் பிள்ளைகள் அவ்வளவு பேர் இல்லை. ரியூசனை நிறுத்தியபோது நீங்கள் நிறுத்தியது உங்கள் புலமைப்பரிசிலின் பெரிய பாதியை.

முகவரின் ஒப்பந்தம்

அவர் தந்த ஒப்பந்தத்தின் பிரதியை அனுப்பியது நல்லது. அதில் மூன்று இடங்கள் என்னை நிறுத்தின.

முதலாவது, பத்து வீதம். புலமைப்பரிசில் கிடைப்பதைப் பொறுத்துக் கட்டணம் வாங்கும் முகவரோடு வீராங்கனை உடன்படுவதை என்.சி.ஏ.ஏ. விதிகள் அனுமதிப்பதில்லை. உங்கள் விபரங்களைப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பி வைக்கும் சேவைக்கு ஒரு நிலையான கட்டணம் செலுத்தலாம். இடம் வாங்கிக் கொடுத்ததற்கான பங்கு கொடுக்க முடியாது. உங்களுக்காகப் பெற்றோர் ஒப்பமிட்டாலும் அது உங்களைச் சாரும். ஆகவே, புலமைப்பரிசில் பெற்றுத் தருவதாகச் சொல்லும் அந்தத் தாளே நீங்கள் அங்கே ஓடும் தகுதிக்கு ஆபத்தாகலாம். இவ்விதியை அறியாதவர் என்றால் அவரை நம்ப முடியாது. அறிந்தும் எழுதியிருந்தால் நம்பவே கூடாது.

இரண்டாவது, மாதிரி என்று அவர் காட்டிய “தேசிய விருப்பக் கடிதம்”. வீரர் ஒருவர் ஒரு பல்கலைக்கழகத்தில் சேர ஒப்புக்கொண்டு கையெழுத்திடும் அந்த முறையை என்.சி.ஏ.ஏ. முதலாம் பிரிவு 2024 ஒக்டோபரில் நீக்கிவிட்டது. இப்போது பல்கலைக்கழகம் நேரடியாகத் தரும் நிதியுதவி உடன்படிக்கையில்தான் எத்தனை வருடம், எவ்வளவு தொகை, என்னென்ன செலவு என்று எழுதப்பட்டிருக்கும். அப்படி ஒன்று வந்தால், பல்கலைக்கழகத்தின் சொந்த முகவரியிலிருந்து வந்திருக்கிறதா என்று பார்த்து, அதன் இணையத்தளத்திலுள்ள பயிற்றுநர் பட்டியலில் இருக்கும் முகவரிக்கு நீங்களே எழுதி உறுதிப்படுத்த வேண்டும். ஒரு வருடத்துக்கா நான்கு வருடத்துக்கா, காயப்பட்டால் என்ன நடக்கும் என்பதையும் அங்கேயே கேளுங்கள்.

மூன்றாவது, கடவுச்சீட்டையும் மூலச் சான்றிதழ்களையும் அவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற வாசகம். ஒருபோதும் வேண்டாம். பிரதி போதும்.

18 வயது நிறையாததால் நீங்கள் கையெழுத்திட்டால் அது சட்டப்படி நிற்காது என்பது அவருக்குத் தெரியும்; அதனால்தான் அப்பாவின் கையெழுத்தைக் கேட்கிறார். கடன் அப்பாவின் பெயரிலும், ஈடு அம்மாவின் காணியிலும், புலமைப்பரிசில் நிச்சயம் என்ற சொல் காற்றிலும் இருக்கும். ஒப்பந்தத்தில் அந்த “நிச்சயம்” எங்கும் எழுதப்படவில்லை. “முயற்சி எடுக்கப்படும்” என்றும் “முன்பணம் மீளளிக்கப்படமாட்டாது” என்றும்தான் இருக்கிறது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். தங்கைக்கும் அந்தக் காணியில்தான் நாளை இருக்கிறது. மாமா நல்லெண்ணத்தோடுதான் அறிமுகப்படுத்தியிருப்பார், அவரைக் குறை சொல்லிச் சண்டை பிடிக்க வேண்டாம். இந்த மூன்று விடயங்களையும் காட்டி, அவரையே முகவரிடம் கேட்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் அப்பா கையெழுத்திட எண்ணினால், முதலில் ஒரு சட்டத்தரணியிடம் காட்டட்டும். வசதியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையம் இருக்கிறது.

உயர்தரமும் காலமும்

உயர்தரம் தேவையில்லை என்பது உங்கள் கடிதத்திலுள்ள மிகவும் ஆபத்தான வரி. என்.சி.ஏ.ஏ. முதலாம் பிரிவில் ஓடுவதற்கே ஒன்பதாம் வகுப்பிலிருந்தான பாடங்களைப் பார்த்து, உச்சம் 4.0 ஆன அமெரிக்க அளவில் குறைந்தது 2.3 என்ற தரப்புள்ளிச் சராசரி கேட்கிறார்கள். இரண்டாம் பிரிவில் 2.2. இதற்கு மேல் பல்கலைக்கழகத்தின் சொந்த அனுமதித் தகுதியும், ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையும் உண்டு. தமிழ் மொழிமூலம் படித்த உங்களுக்கு ஆங்கிலமே உண்மையான மலை. ஒரு நாளில் ஒரு மணித்தியாலத்தை அதற்கு ஒதுக்குங்கள். உயர்தரப் பெறுபேறு நன்றாக இருந்தால் சில பல்கலைக்கழகங்கள் அப்பாடங்களைப் பட்டப்படிப்பின் ஒரு பகுதியாகக் கணக்கில் எடுத்துப் படிப்புச் செலவைக் குறைப்பதும் உண்டு.

அமெரிக்கா கைகூடாத நாளில் உயர்தரம்தான் உங்களைத் தாங்கும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, தேசிய, சர்வதேச மட்டத்தில் விளையாட்டில் சிறந்தவர்களுக்கு ஒரு சிறு தொகை இடங்களை விசேட அனுமதியாக ஒதுக்குகிறது. ஆனால் உயர்தரத்தில் குறைந்தபட்சத் தகுதி இல்லாதவர் அதற்கு விண்ணப்பிக்கவே முடியாது. பெலிஹுல்ஓயாவிலுள்ள சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானமும் உடற்கல்வியும் பட்டப்படிப்பாகவே உண்டு, அதற்கும் உயர்தரமும் தகுதிகாண் தேர்வும் வேண்டும். உயிரியல் படிக்கிற, தன் காலில் நோவை அறிந்த ஒரு பிள்ளைக்கு இயன்மருத்துவம் போன்ற துறைகளும் அந்நியமல்ல.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சில வருடம் படித்துவிட்டுப் போகலாமா என்று கேட்டீர்கள். படிக்கப் போகலாம், ஓடப் போவதானால் கவனம். பாடசாலை முடித்த பிறகு கழியும் காலமும், எந்த நாட்டிலாவது முழுநேரப் பல்கலைக்கழக மாணவராகச் சேர்ந்த பிறகு கழியும் காலமும் அமெரிக்காவில் நீங்கள் போட்டியிடக்கூடிய வருடங்களைத் தின்னக்கூடும். இங்கே பெறுபேற்றுக்கும் அனுமதிக்கும் காத்திருப்பதிலேயே எவ்வளவு மாதம் போகிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே முயற்சியை உயர்தரம் எழுதிய கையோடு அல்ல, எழுதுவதற்கு ஒரு வருடம் முன்பே, படிப்பை விடாமல் தொடங்க வேண்டும்.

முகவர் இல்லாமல் எப்படி

சில வருடங்களுக்கு முன் வலிகாமத்திலிருந்து ஒரு மும்முறைப் பாய்ச்சல் வீரன் என்னிடம் வந்தான். அவனும் முகவருக்குக் கொடுக்கப் பணம் தேடிக்கொண்டிருந்தவன். இருவரும் இருந்து ஒரு கடிதம் எழுதினோம். அவன் அதை ஒவ்வொரு பயிற்றுநரின் பெயரையும் கல்லூரியையும் மாற்றி எழுபது பேருக்கு அனுப்பினான். ஒன்பது பேர் பதில் எழுதினார்கள். இரண்டு பேர் தொகை சொன்னார்கள். அவன் போனது பெயர் கேள்விப்படாத ஓர் இரண்டு வருடக் கல்லூரிக்கு. அங்கிருந்துதான் பல்கலைக்கழகத்துக்கு மாறினான். செலவானது ஆங்கிலப் பரீட்சைக் கட்டணமும் விண்ணப்பக் கட்டணங்களும் இணைய இணைப்பும்.

உங்கள் மின்னஞ்சல் அரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஓட்டம், நேரம், போட்டியின் பெயர், திகதி, மின்னியல் நேரமா கைநேரமா என்பது, சாதாரண தரப் பெறுபேறு, உயர்தரம் முடிக்கும் வருடம், படிக்க விரும்பும் துறை, குடும்பத்தால் வருடத்துக்குச் செலுத்தக்கூடிய தொகை ஆகியவற்றை உண்மையாக எழுதுங்கள். கடைசிச் செய்தியை எழுத வெட்கப்படுவார்கள், ஆனால் பயிற்றுநர் முதலில் அறிய விரும்புவது அதுதான். காணொளியும் சேருங்கள். மைதானத்தில் உயரமான ஓரிடத்தில் நின்று, வெடியிலிருந்து முடிவுக் கோடு வரை வெட்டாமல் ஒரே எடுப்பாக எடுக்க வேண்டும். எந்தத் தடம், எந்த நிறச் சட்டை என்று எழுதிவிடுங்கள். பாட்டுச் சேர்க்க வேண்டாம். காலடி விழும் விதத்தையும் கடைசி நூறு மீற்றரில் தோள் இறுகுவதையும்தான் அவர்கள் பார்ப்பார்கள். இப்போது ஓடி எடுக்காதீர்கள், வைத்தியர் விட்ட பிறகு எடுங்கள். சென்ற வருட மாகாணப் போட்டியை யாராவது கைப்பேசியில் எடுத்திருந்தால் அது போதும்.

அமெரிக்க அரசின் எடியுகேஷன் யுஎஸ்ஏ ஆலோசனைச் சேவை கொழும்பில் உண்டு. பல்கலைக்கழகத் தெரிவு, விண்ணப்பம், விசா பற்றி அங்கே கேட்கலாம். என்.சி.ஏ.ஏ. தகுதி நிலையத்தில் நீங்களே பதிவு செய்யலாம், அதற்கு இடைத்தரகர் தேவையில்லை. பழைய மாணவர் சங்கம் தந்த பரிசுத் தொகை அங்கே ஓடும் தகுதியைக் கெடுக்குமோ என்று பயந்திருந்தீர்கள். அதற்காக நித்திரையை இழக்க வேண்டாம். தொகை, திகதி, எதற்குச் செலவானது என்பதை எழுதி வைத்து, கேட்கும்போது மறைக்காமல் சொல்லுங்கள்.

விளையாட்டு ஆசிரியரிடம் மறைத்ததைச் சொல்ல அஞ்சுகிறீர்கள், அணியிலிருந்து நீக்கிவிடுவார் என்று. அவர் இரண்டு வருடமாக விடியற்காலையில் உங்களுக்காக மைதானத்துக்கு வருகிறவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். முகவருக்கு அப்பா கொடுக்க வேண்டிய பதிலுக்கு இந்த மாதக் கடைசி வரை நேரம் இருக்கிறது. அதற்குள் வைத்தியர் சொன்னதையும், தேசியமட்டப் பெறுபேற்றுத் தாளில் உங்கள் பெயருக்கு நேரே உள்ள நேரத்தையும் எனக்கு எழுதுங்கள். எந்தெந்தக் கல்லூரிகளுக்கு எழுதலாம் என்று அந்த நேரத்தை வைத்துத்தான் பட்டியல் போட முடியும். அதுவரை ரியூசனுக்குத் திரும்பப் போங்கள்.